ரொம்ப வருஷமா மேஜிக் (த கேதரிங்) சீட்டாட்டம் ஆடுறவங்களுக்கு: இன்னும் பிரிக்காம வெச்சிருக்கிற டெக் (சீட்டுக்கட்டு) எது?

புதுச்சீட்டு:

எல்லாருக்கும் வணக்கம். நான் குரோம்பேட்டை, காலேஜ் மூணாவது வருஷம். ஆறு மாசமா அரீனா ஆப்ல மேஜிக் ஆடிட்டிருக்கேன். ஃபோன்ல ஆடி ஆடி, நிஜக் கார்டைக் கையில பிடிச்சு ஷஃபிள் பண்ணணும்னு ஆசை வந்துடுச்சு. கிளாஸ்ல இன்னும் ரெண்டு பேரை இழுத்துட்டேன், அவங்களும் ரெடி.

நெட்ல தேடினா இந்த மாசம் எது ஜெயிக்குதுன்னு பட்டியல்தான் வருது. எனக்குத் தெரிஞ்சுக்க வேண்டியது வேற. பத்து வருஷத்துக்கு மேல ஆடினவங்க எந்த டெக்கை இன்னும் பிரிக்காம வெச்சிருக்கீங்க? ஏன் அதை விட மனசு வரல? அதுல இருக்கிற காம்போ, அதாவது சேர்ந்தா ஆட்டத்தையே முடிக்கிற கார்டு ஜோடி, எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் விளக்கமா சொன்னா நல்லாருக்கும். ரூல்ஸ் ஓரளவு தெரியும், ஆனா ஸ்டாக், அதாவது போட்ட கார்டு எந்த வரிசைல நடக்கும்ங்கிறது, இன்னும் குழப்புது.

முதல் டெக்குக்கு 3,000 ரூபாய் வரைக்கும் சேர்த்து வெச்சிருக்கேன். அதுக்குள்ள என்ன பண்ணலாம்னும் சொல்லுங்க அண்ணா, அக்கா.


சிவப்புமலை:

தம்பி, காம்போ எல்லாம் அப்புறம். முதல்ல பர்ன் எடு, நேரா அடிச்சே எதிராளி லைஃபைத் தீர்க்கிற சிவப்பு டெக்.

மாடர்ன்னு சொல்ற ஆட்ட வகைல எதிராளிக்கு 20 லைஃப், அது தீர்ந்தா நீ ஜெயிச்ச. லைட்னிங் போல்ட் கார்டு ஒரு சிவப்பு மனாவுக்கு (லேண்ட் கார்டை டேப் பண்ணினா, அதாவது பக்கவாட்டுல சாய்ச்சா, வர்ற சக்தி) 3 அடி. ஏழு போல்ட்டுக்கு 21. ஆட்டமே இந்தக் கணக்குதான். லாவா ஸ்பைக் 3, ரிஃப்ட் போல்ட் 3, போரோஸ் சார்ம் 4. முதல் டர்ன்லயே கோப்ளின் கைட்ங்கிற கிரீச்சர் (சண்டை போடுற கார்டு) இறங்கி 2 அடிக்கும். அதோட மாடர்ன்ல ஆடுறவங்க பாதிப் பேர் அவங்களுக்கு அவங்களே உதை வாங்கிக்குவாங்க. வேற லேண்டைத் தேடி எடுக்கிற ஃபெட்ச் லேண்டை உடைச்சா 1 லைஃப் போச்சு, அதுல ஷாக் லேண்ட் எடுத்து உடனே பயன்படுத்தணும்னா இன்னொரு 2. ஆக மொத்தம் 3, அதாவது நான் செலவில்லாம ஒரு போல்ட் போட்ட மாதிரி.

நான் பிரிக்காம வெச்சிருக்கிறது இதுதான். 2012-லேர்ந்து அதே சிவப்பு ஸ்லீவ் (கார்டு உறை). ஐடோலன் ஆஃப் த கிரேட் ரெவல்னு ஒரு கிரீச்சர் கீழ இறங்கினதும் எதிராளி கையில இருக்கிற சின்னச் சின்ன ஸ்பெல்லையெல்லாம் (லேண்ட் தவிர போடுற கார்டு) பார்த்து யோசிப்பாங்க பாரு, 3 மனா, அதுக்குக் கீழ எதைப் போட்டாலும் போடுறவங்களுக்கு 2 அடி விழும். எனக்கும் சேர்த்துத்தான் விழும். ஆனா நான் அந்தக் கணக்கை முன்னாடியே போட்டிருப்பேன்.

நீல டெக் ஆடுறவங்க ஒருத்தங்க இங்க வருவாங்க, பெரிசா எழுதுவாங்க. பொறுமையாப் படி, அவங்க சொல்றதுல விஷயம் இருக்கும்.


சைதைத்தீவு:

வந்துட்டேன். சிவப்புமலை சொன்ன கணக்கு சரிதான். ஆனா தம்பி கேட்டது எதை விட மனசு வரலைன்னு. அதைக் கேட்டா நான் சும்மா இருக்க முடியாது.

என் டெக் ஸ்பிளின்டர் ட்வின். நீலமும் சிவப்பும்.

எங்க வீட்டுல சீட்டுன்னாலே சூதாட்டம். பாட்டிகூட உக்காந்து பல்லாங்குழி ஆடலாம், ஆடுபுலி ஆட்டம் ஆடலாம், சீட்டுக்கட்டு மட்டும் வாசப்படி தாண்டி உள்ள வரக்கூடாது. 2011-ல, நான் இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம், சிங்கப்பூர்லேர்ந்து சித்தி பையன் லீவுக்கு வந்தப்ப ரெண்டு கட்டு கொண்டு வந்தான். அம்மா மூஞ்சி மாறிப்போச்சு. அவன் கூடத்துல உக்காந்து ஒவ்வொரு கார்டா எடுத்துக் காட்டினான்: "பெரியம்மா, இதுல ஆஸ் இல்ல, ஜோக்கர் இல்ல, காசு வெச்சும் ஆட மாட்டோம், பாருங்க, காடு, மலை, தீவு." அம்மா படத்தைப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம உள்ள போயிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் மொட்டை மாடில ஆடினோம்.

எனக்கு நீலம் பிடிச்சதுக்குக் காரணம் பாட்டி. ஆடுபுலி ஆட்டத்துல 3 புலி, 15 ஆடு. சின்னப் பசங்க எல்லாரும் புலிதான் கேப்போம், தாவித் தாவி வெட்டலாம்ல. பாட்டி எப்பவும் ஆடுதான். ஒவ்வொரு ஆடா வெச்சு, அவசரப்படாம, புலி எங்க தாவும்னு பார்த்து அந்தக் கட்டத்தை அடைச்சுக்கிட்டே வருவாங்க. கடைசில புலி நகர இடமில்லாம நிக்கும். ட்வின் டெக்கை முதல்முறை பார்த்தப்ப எனக்கு அந்தக் கோலம் போட்ட திண்ணைதான் ஞாபகம் வந்துது.

காம்போ என்னன்னா, டிசீவர் எக்ஸார்க்னு ஒரு நீலக் கிரீச்சர். 3 மனா, 1/4, அதாவது அடிக்கிற பவர் 1, தாங்குற டஃப்னஸ் 4. ஃப்ளாஷ் உண்டு, அதனால எதிராளியோட டர்ன்லயே இறக்கலாம். உள்ள வந்ததும் நம்மளோட ஒரு பொருளை அன்டேப் பண்ணும் (சாய்ச்சதை மறுபடி நிமிர்த்தும்), இல்லைன்னா எதிராளியோட ஒண்ணை டேப் பண்ணும். ஸ்பிளின்டர் ட்வின் 4 மனா ஆரா, ஒரு கிரீச்சர் மேல ஒட்டுறது. ஒட்டின கிரீச்சரை டேப் பண்ணினா அதே மாதிரி ஒரு டோக்கன் (நகல்) வரும். டோக்கனுக்கு ஹேஸ்ட் உண்டு, வந்த உடனே அடிக்கலாம், டர்ன் முடியுறப்ப போயிடும்.

இப்ப ரெண்டையும் சேர்த்துப் பாரு. எக்ஸார்க்கை டேப் பண்றேன், இன்னொரு எக்ஸார்க் டோக்கன் வருது. அது உள்ள வந்ததும் என்ன செய்யும்? ஒண்ணை அன்டேப் பண்ணும். முதல் எக்ஸார்க்கையே அன்டேப் பண்ணச் சொல்றேன். மறுபடி டேப், மறுபடி டோக்கன், மறுபடி அன்டேப். இதுக்கு எல்லையே இல்ல. ஆனா மேஜிக் ரூல்படி "முடிவில்லாம பண்றேன்"னு சொல்ல முடியாது, எத்தனை தடவைன்னு ஒரு எண் சொல்லியாகணும். நான் எப்பவும் நூத்தியொண்ணுன்னுதான் சொல்லுவேன். மொய் எழுதுற எண். நூத்தியொரு எக்ஸார்க், ஒவ்வொண்ணுக்கும் 1 பவர், எல்லாம் ஹேஸ்டோட அடிக்கும்.

ஆட்டத்துல இது எப்படி நடக்கும்னா: எதிராளி டர்ன் முடியுற நேரம், என்கிட்ட 3 லேண்ட் அன்டேப்பா இருக்கும். எக்ஸார்க்கை இறக்கி அவங்களோட ஒரு லேண்டை டேப் பண்ணுவேன். அந்த லேண்ட் அவங்களோட அடுத்த டர்ன்லதான் நிமிரும், அதனால என் டர்ன் முழுக்க அவங்களுக்கு ஒரு மனா கம்மி. என் டர்ன் வரும், நாலாவது லேண்ட் போடுவேன், ட்வின் போடுவேன். எக்ஸார்க் ஏற்கெனவே என் பக்கம் இருந்ததால உடனே டேப் பண்ணலாம். ஆட்டம் முடிஞ்சுது.

அந்த 1/4-ல இருக்கிற 4-ஐக் கவனி. சிவப்புமலை மாதிரி ஆளுங்களோட லைட்னிங் போல்ட் 3 அடிதான். எக்ஸார்க் சாகாது. இதே வேலையைச் செய்யுற பெஸ்டர்மைட்னு இன்னொண்ணு இருக்கு, அது பறக்கும், 2 அடிக்கும், ஆனா டஃப்னஸ் 1. போல்ட்டுக்கு ஊதினாப் போயிடும். அதனால என் டெக்குல எக்ஸார்க் 4, பெஸ்டர்மைட் 2.

2011-ல மாடர்ன் வந்த புதுசுல ஃபிலடெல்ஃபியா ப்ரோ டூர் போட்டில சாமுவேலே எஸ்திராத்தி இந்த டெக்கை வெச்சுத்தான் ஜெயிச்சார். 2015-ல அன்டோனியோ டெல் மோரல் லியோன் இன்னொரு ப்ரோ டூர் ஜெயிச்சதும் இதே ட்வின்ல. நான் இதை ஒட்டுமொத்தமா வாங்கல. சித்தி பையன் வருஷத்துக்கு ரெண்டு தடவை வருவான், ஒவ்வொரு தடவையும் மூணு நாலு கார்டு. அதுவரைக்கும் ஜெராக்ஸ் எடுத்து, சாதா லேண்ட் கார்டுக்கு மேல ஸ்லீவுக்குள்ள சொருகி ஆடினேன். 2013 கடைசில எல்லாம் அசல் கார்டாச்சு. ஸ்னாப்காஸ்டர் மேஜ் மட்டும் ரெண்டுதான் கட்டுப்படியாச்சு.

ஆனா இந்த டெக்கை நான் விடாததுக்குக் காரணம் அந்த நூத்தியொண்ணு இல்ல. அதுக்கு முன்னாடி வர்ற டர்ன்.

நான் 3 லேண்டை அன்டேப்பா வெச்சு, எதுவும் செய்யாம டர்ன் விடுறேன். எதிராளிக்கு நான் ட்வின் ஆடுறேன்னு தெரியும். அவங்க கையில நல்ல 4 மனா கிரீச்சர் ஒண்ணு இருக்கும். அதை இறக்கினா லேண்ட் எல்லாம் டேப் ஆயிடும், நான் எக்ஸார்க் இறக்கி அடுத்த டர்ன் முடிச்சுடுவேனோன்னு பயம். அதனால இறக்க மாட்டாங்க. ரெண்டு மனாவைக் கையில வெச்சுக்கிட்டு சின்னதா ஏதாவது பண்ணிட்டு டர்ன் விடுவாங்க. அடுத்த டர்னும் அப்படியே. அந்த நேரத்துல நான் சீரம் விஷன்ஸ் போட்டு ஒரு கார்டு எடுத்து அடுத்த ரெண்டைப் பார்த்து வெச்சிருப்பேன், ரிமாண்ட் போட்டு அவங்க ஸ்பெல்லைக் கைக்கே திருப்பி அனுப்பியிருப்பேன், பெஸ்டர்மைட் பறந்து ரெண்டு ரெண்டா அடிச்சிருக்கும். என் கையில ட்வின் இருந்துதா? பல ஆட்டத்துல இல்லவே இல்ல! ரெண்டாவது ஆட்டத்துக்கு சைட்போர்டு (தனியா வெச்சிருக்கிற மாற்றுக் கார்டு) மாத்துறப்ப ரெண்டு ட்வினை வெளியவே எடுத்துடுவேன். அவங்க எனக்காக உள்ள கொண்டு வந்த கார்டு எல்லாம் கையிலயே தூங்கும், நான் போல்ட்டும் ஸ்னாப்காஸ்டரும் வெச்சு மெதுவா முடிச்சுடுவேன். போடாத கார்டுக்குப் பயந்து எதிராளி அவரோட நல்ல கார்டைப் போடாம விடுறது வேற எந்த டெக்லயும் எனக்கு இந்த அளவுக்குக் கிடைக்கல.

அரீனாவுல இது பாதிதான் தெரியும் தம்பி. நம்மகிட்ட பதில் இருந்தா அது ஒரு நொடி நிக்கும், எதிராளிக்குப் புரிஞ்சுடும். மேஜைல நீதான் நிறுத்தணும். கையில ஒண்ணும் இல்லாதப்பவும் "ஒரு நிமிஷம்"னு சொல்லி லேண்டை ஒரு தடவை பார்க்கணும்.

அப்புறம் 2015 டிசம்பர் 1. நாங்க சைதாப்பேட்டைல கீழ்வீடு. அடையாறு தெருவுக்குள்ள வந்துடுச்சு. ராத்திரியோட ராத்திரியா அப்பா, அம்மா, பாட்டி, நான், எல்லாரும் மாடி வீட்டுக்காரங்க கூடத்துல. மூணு நாள் கழிச்சுக் கீழ இறங்கினோம். டெக் ஸ்டீல் பீரோவோட கீழ்த்தட்டுல, ஸ்வீட் டப்பாவுல இருந்துது. டப்பாவைத் திறந்தா சேறு.

மேஜிக் கார்டோட அட்டைக்கு நடுவுல நீலமா ஒரு பூச்சு இருக்கும். ஊறினா கார்டு ரெண்டு தாளாப் பிரிஞ்சு அந்த நீலம் வெளிய தெரியும். என் ஸ்னாப்காஸ்டர் ரெண்டும் அப்படித்தான் இருந்துது, ஸ்லீவை இழுத்தா படம் ஸ்லீவோட வந்துது, எழுத்து என் கைல ஒட்டிக்கிச்சு. நான் டப்பாவை அப்படியே மூடி குப்பைல போட எடுத்துட்டுப் போனேன். அம்மா வாங்கிக்கிட்டாங்க. வீடு பூரா சேறு, ஃப்ரிட்ஜ் மல்லாந்து கிடக்கு, அவங்க அப்பாவோட பழைய வேட்டியை மாடில விரிச்சு, கத்தரிக்கோலால ஒவ்வொரு ஸ்லீவா ஓரத்தை வெட்டி, கூழ்வடாம் காயப்போடுற மாதிரி வரிசையா வெச்சாங்க. பாதில என்னைக் கூப்பிட்டு, "இது ஒரே மாதிரி நாலு இருக்கே, நாலையும் சேர்த்து வைக்கட்டுமா?"ன்னு கேட்டாங்க. அது ட்வின். ரெண்டு ஸ்லீவ் போட்டு வெச்சிருந்ததால ஓரம் மட்டும் கறை. எழுபத்தஞ்சு கார்டுல பதினொண்ணு தேறிச்சு, அதுல அந்த நாலும் அடக்கம்.

ஒன்றரை மாசம் போகல, 2016 ஜனவரில மாடர்ன்ல ஸ்பிளின்டர் ட்வினைத் தடை பண்ணிட்டாங்க. சிவப்பு நீலத்துல இந்த வகை ஆடுறவங்களுக்கு வேற எந்த டெக்கும் ஆடக் காரணமில்லாமப் போகுதுன்னு சொன்னாங்க. அதுல உண்மை இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா காய வெச்சு எடுத்த நாலு கார்டைக் கையில வெச்சிருந்தவளுக்கு அன்னைக்கு எதுவும் காதுல ஏறல.

2024 டிசம்பர்ல தடையை எடுத்தாங்க. ஒன்பது வருஷம். அம்மாகிட்ட சொன்னேன். "அப்ப வேட்டில காய வெச்சதை இனிமே ஆடலாமா?"ன்னாங்க. மறுபடி கட்டிட்டேன், கறை படிஞ்ச அந்த நாலோட. உண்மையைச் சொல்லணும்னா இப்ப முன்ன மாதிரி ஜெயிக்கறதில்ல. இன்னைக்கு மாடர்ன்ல நாலாவது லேண்ட் வர்றதுக்குள்ள பாதி ஆட்டம் முடிஞ்சுடுது. எதிராளி லேண்ட் எல்லாம் டேப் ஆயிருக்கேன்னு நம்பிப் போட்டா, கையிலேர்ந்து ஒரு வெள்ளைக் கார்டை எக்ஸைல் பண்ணி (ஆட்டத்தை விட்டே ஒதுக்கி) சாலிட்யூட்ங்கிற கிரீச்சரைச் சும்மாவே இறக்கி என் எக்ஸார்க்கை அனுப்பிடுறாங்க. ஆனாலும் 3 லேண்டை அன்டேப்பா வெச்சு டர்ன் விடுறப்ப எதிர்ல இருக்கிறவங்க கை ஒரு நொடி நிக்குது. அதுக்காகவே ஆடுறேன்.


புதுச்சீட்டு:

அக்கா, ரெண்டு தடவை படிச்சேன். அம்மா சேர்த்து வெச்ச நாலு கார்டையும் ஒரு நாள் பார்க்கணும்.

ஒரு சந்தேகம். நீங்க ட்வினை எக்ஸார்க் மேல போடுறப்ப, அது ஒட்டுறதுக்கு முன்னாடியே நான் எக்ஸார்க்கைக் கொன்னுட்டா என்ன ஆகும்? அங்கதான் ஸ்டாக் குழம்புது.


சைதைத்தீவு:

நல்ல கேள்வி. இந்த டெக்கோட உசிரே அங்கதான்.

ஸ்டாக்கை இட்லித் தட்டு அடுக்கு மாதிரி நினைச்சுக்கோ. கடைசியா மேல வெச்ச தட்டைத்தான் முதல்ல எடுக்க முடியும். நான் ட்வின் போடுறேன், அது அடித்தட்டு. நீ அதுக்குப் பதிலா பாத் டு எக்ஸைல் போடுற, அது மேல் தட்டு. முதல்ல உன் பாத் நடக்கும், எக்ஸார்க் போயிடும். அப்புறம் என் ட்வினோட முறை வரும், ஒட்ட ஆளே இல்ல, அதுவும் நேரா கிரேவ்யார்டுக்கு (தீர்ந்த கார்டு போற இடம்). உன் ஒரு கார்டுக்கு என் ரெண்டு கார்டு காலி, என் மொத்த டர்னும் காலி.

அதனாலதான் பொறுமை. 4 லேண்ட்ல ட்வின் போடுறது அவசரக்காரங்க வேலை, இல்லைன்னா எதிராளி லேண்ட் எல்லாம் டேப் ஆகி நிக்குறப்ப செய்யுற வேலை. 5 லேண்ட் இருந்தா ட்வினுக்கு 4, டிஸ்பெல்லுக்கு 1. உன் பாத் மேல என் டிஸ்பெல் இன்னொரு தட்டா உக்காரும், அது முதல்ல நடக்கும், பாத் செத்துடும், ட்வின் ஒட்டிடும். 6 லேண்ட் இருந்தா ரிமாண்ட். ஆனா சின்ன விலைக் கார்டை அழிக்கிற, கறுப்பு பச்சைக் கார்டு அப்ரப்ட் டிகே போட்டாங்கன்னா ஒண்ணும் பண்ண முடியாது. அதைக் கவுன்டர் பண்ணவே (போட்டது நடக்காம நிறுத்தவே) முடியாது, எக்ஸார்க்கோட 3 மனா அதோட எல்லைக்குள்ளதான் வருது. கறுப்பு பச்சை டெக்கைப் பார்த்தா நான் காம்போவை நம்பி உக்கார மாட்டேன்.

என்னை ரொம்பப் படுத்தினது ஸ்பெல்ஸ்கைட். 0/4, பார்த்தா அப்பாவி. நான் எக்ஸார்க் மேல போடுற ட்வினை, 2 லைஃப் கொடுத்தே அது தன் மேல திருப்பிக்கும். என் ட்வின் அவங்க ஸ்பெல்ஸ்கைட் மேல ஒட்டிக்கிட்டு நிக்கும். மாடில ஒரு ஆட்டத்துல இதை நான் மறந்தே போயிட்டேன், எதிர்ல இருந்தது சிவப்புமலை, அன்னைக்கு அவர் பர்ன் ஆடல. டார்ப்பர் ஆர்ப் இருந்தாலும் அவ்வளவுதான். கிரீச்சர் உள்ள வர்றப்ப எதுவும் ட்ரிகர் ஆகாது, டோக்கன் ஒண்ணே ஒண்ணு வரும், அன்டேப் நடக்காது.

டோக்கனுக்கு நான் புளியங்கொட்டை வெச்சிருக்கேன், பாட்டியோட பல்லாங்குழிலேர்ந்து எடுத்தது. மாடில காத்து அடிச்சா பேப்பர் டோக்கன் பறந்துடும், கொட்டை நகராது.


கல்லறைக்காவலன்:

நானும் ஒண்ணு சொல்றேன் தம்பி. எனக்கு அம்பது தாண்டிடுச்சு. ஒருத்தரை ஒருத்தர் அடிச்சுக்கிற ஆட்டத்தைவிட நாலு பேரா உக்காந்து பேசிக்கிட்டே ஆடுற கமாண்டர்தான் பிடிக்குது. 100 கார்டு, சாதா லேண்ட் தவிர எதுவும் ஒண்ணுதான், ஆளுக்கு 40 லைஃப். ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் ஆரம்பிச்சா சாயங்காலக் காபி வரைக்கும் ஒரே ஆட்டம் போகும்.

என் காம்போ ரொம்பப் பழசு, எல்லாருக்கும் தெரிஞ்சது, ஆனா எனக்கு அலுக்கவே இல்ல. சாங்குவின் பாண்ட்: எனக்கு லைஃப் ஏறினா, எதிராளி ஒருத்தருக்கு அவ்வளவு இறங்கும். எக்ஸ்குவிசிட் பிளட்: எதிராளிக்கு லைஃப் இறங்கினா, எனக்கு அவ்வளவு ஏறும். ரெண்டும் 5 மனா. ரெண்டும் மேஜை மேல இருக்கிறப்ப எதிராளி யாருக்காவது ஒரே ஒரு சொட்டு இறங்கினாப் போதும். அவருக்கு 1 இறங்கும், எனக்கு 1 ஏறும், அதனால மறுபடி 1 இறங்கும், மறுபடி ஏறும். ஒருத்தர் முடிஞ்சதும் அடுத்தவர், அப்புறம் அதுக்கு அடுத்தவர். ரெண்டாவது சாங்குவின் பாண்ட் மாதிரி வேணும்னா வீட்டோன்னு 3 மனா கிரீச்சர் இருக்கு, அதே வேலை.

நாலு பேருல ஒருத்தர் எப்பவும் இதை முன்கூட்டியே மோப்பம் பிடிச்சுடுவார். அப்ப மத்த ரெண்டு பேர்கிட்ட பேசி, "இப்போதைக்கு என்னை விட்டா அவரோட டிராகனை நான் பார்த்துக்கறேன்"னு சமாதானம் பண்ணணும். ஆட்டத்துல பாதி அந்தப் பேச்சுதான். தீவு மேடம், ஒரு ஞாயிறு வாங்க, புளியங்கொட்டையும் எடுத்துட்டு வாங்க.


சைதைத்தீவு:

வர்றேன் சார். ஆனா உங்க 5 மனா ரெண்டையும் கவுன்டர் பண்ணக் கார்டு எடுத்துட்டுத்தான் வருவேன்.

தம்பி, உன் 3,000 ரூபாய் விஷயத்துக்கு வர்றேன். ட்வின் கட்டாத. அந்தப் பணத்துக்கு மாடர்ன் லேண்டே முழுசா வராது. பாப்பர் ஆடு. காமன் (சாதாரண வகை) கார்டு மட்டும்தான் போடணும்னு ரூல், 60 கார்டு, 2019-லேர்ந்து அதிகாரபூர்வமான ஃபார்மட். விலை கம்மிங்கிறதால ஆட்டம் லேசுன்னு நினைச்சுக்காத. கவுன்டர்ஸ்பெல், லைட்னிங் போல்ட் எல்லாமே அதுல ஆடலாம்.

நான் உனக்குச் சொல்றது நீல ஃபேரி (தேவதை வகைக் கிரீச்சர்) டெக். அதுல ஒரு சின்ன ஜோடி இருக்கு, காம்போன்னு சொல்ற அளவுக்கு இல்ல, ஆனா நான் ட்வின்ல ரசிக்கிறது எல்லாம் இதுல குட்டியா இருக்கு. ஸ்பெல்ஸ்டட்டர் ஸ்ப்ரைட், 2 மனா, 1/1, பறக்கும், ஃப்ளாஷ் உண்டு. உள்ள வர்றப்ப எதிராளி ஸ்பெல் ஒண்ணைக் கவுன்டர் பண்ணும், ஆனா அந்த ஸ்பெல்லோட விலை உன்கிட்ட இருக்கிற ஃபேரி எண்ணிக்கைக்குள்ள இருக்கணும். தனியா வந்தாலும் தன்னையும் எண்ணிக்கும், அதனால 1 மனா ஸ்பெல்லை நிறுத்தும். சிவப்புமலையோட போல்ட் 1 மனா, ஞாபகம் வெச்சுக்கோ.

அடுத்த டர்ன் அந்த ஸ்ப்ரைட்டை அடிக்க அனுப்பு. குட்டியாப் பறக்குறதை யாரும் தடுக்க மாட்டாங்க, பல பேரால முடியவும் முடியாது. தடுக்கலைன்னதும் 2 மனா கொடுத்து ஸ்ப்ரைட்டைக் கைக்குத் திருப்பி எடுத்துட்டு, அதுக்குப் பதிலா நிஞ்ஜா ஆஃப் த டீப் அவர்ஸை அடிச்சுக்கிட்டே உள்ள கொண்டு வா. அது 2 அடிக்கும், உனக்கு ஒரு கார்டு கொடுக்கும். ஸ்ப்ரைட் மறுபடி உன் கையில. இன்னும் 2 லேண்ட் அன்டேப்பா இருந்தா எதிராளி டர்ன்ல அதே ஸ்ப்ரைட் மறுபடி இறங்கும், மறுபடி ஒரு ஸ்பெல் காலி. ஒரே கார்டை மூணு நாலு தடவை பயன்படுத்தினதும் எதிராளி கார்டு போடுறதுக்கு முன்னாடி உன் லேண்டைப் பார்க்க ஆரம்பிப்பாங்க.

ஸ்லீவுக்குத் தனியாப் பணம் ஒதுக்கு, இதுல சிக்கனம் வேண்டாம். நம்ம ஊர்ல கார்டுக்கு எதிரி ஈரம். உள் ஸ்லீவ் ஒண்ணு, வெளி ஸ்லீவ் ஒண்ணு. உள் ஸ்லீவைத் தலைகீழாப் போடணும், அதோட வாய் கீழ வர்ற மாதிரி, வெளி ஸ்லீவோட வாய் மேல. என் ட்வின் நாலும் பிழைச்சது இப்படிப் போட்டதாலதான். டப்பாவுல ஷூ பெட்டிலயும் மாத்திரை டப்பாவுலயும் வர்ற சிலிகா பொட்டலம் ரெண்டு போட்டு வை. ஃபாயில் கார்டு அழகா இருக்குன்னு வாங்காத. அட்டை ஈரத்தை இழுக்கும், மேல இருக்கிற பளபளப்புத் தாள் இழுக்காது, ஐப்பசி மழைக்கு அப்பளம் மாதிரி வளைஞ்சு நிக்கும். வளைஞ்ச கார்டு கட்டுல தனியாத் தெரியும், போட்டில அது அடையாளம் வெச்ச கார்டு மாதிரி ஆயிடும். டெக்கைப் பீரோவோட மேல்தட்டுல வை.


புதுச்சீட்டு:

அக்கா, நீல ஃபேரிதான். நேத்து ராத்திரி அரீனாவை மூடிட்டு, நோட்டுல பெயரை எழுதி, வெள்ளைப் பேப்பர்ல வெட்டிச் சொருகி, ரூம் நண்பன்கூட ரெண்டு ஆட்டம் போட்டேன். ஸ்ப்ரைட்டைக் கைக்கு எடுத்து நிஞ்ஜாவை இறக்கினப்ப அவன், "இப்படியெல்லாம் பண்ணலாமா?"ன்னு கேட்டான். ரூலைப் படிச்சுக் காட்டினேன். ரெண்டாவது ஆட்டத்துல 2 லேண்டை அன்டேப்பா வெச்சு டர்ன் விட்டேன், கையில ஒண்ணுமே இல்ல. அவன் ரொம்ப நேரம் யோசிச்சான்.

நிஞ்ஜா எத்தனை வாங்கட்டும்?


சைதைத்தீவு:

நாலு. ஸ்ப்ரைட்டும் நாலு.